காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்

(காசிமேட்டில் எங்கள் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசியது. எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பேசிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, இந்தப் படிப்பகத்தின் கரண்ட் பில்லைக் கைக்காசில் கட்டிவரும் ஐஸ் கம்பெனி அண்ணாச்சி அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, விசைப்படகு சங்கத்துப் பெரியவர்களே, மைக் செட் தம்பி (அவனைச் சொல்லாவிட்டால் மைக் கத்தும்), தாய்மார்களே, சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் வாண்டுகளே, எல்லோருக்கும் வணக்கம். கவுன்சிலர் அம்மாவுக்குப் போட வேண்டிய பொன்னாடையை அவசரத்தில் அண்ணாச்சிக்குப் போட்டுவிட்டோம். அம்மா பெரிய மனசோடு சிரித்தார்கள். இன்னொன்று வாங்கிவர ஆள் போயிருக்கிறது.

மூன்று சங்கதி சொல்ல வந்தேன். ஒன்று, சூரியக் காற்று. இரண்டு, செவ்வாய் தன் காற்றை இழந்த கதை. மூன்று, நிலாவின் தரையை ஒட்டி நம் சந்திரயான் அளந்த பிளாஸ்மா. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழிதான் வைத்திருக்கிறேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.

பிளாஸ்மா என்றதும் ரத்த வங்கி நினைப்பு வரும். அது வேறு. நான் 31 வருஷம் வெல்டிங் வேலை பார்த்தவன். ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு நீல வெளிச்சம் நிற்குமே, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் ராத்திரியெல்லாம் கண்ணில் மணல் அறுக்குமே, அதுதான் பிளாஸ்மா. சூட்டில் வாயுவின் அணுவிலிருந்து எலெக்ட்ரான் கழன்றுகொள்ளும். அப்புறம் அது மின்சாரம் கடத்தும், காந்தம் சொன்னபடி கேட்கும். உங்கள் தலைக்குமேல் எரிகிற டியூப்லைட்டுக்குள்ளேயும் அதுதான். மேலே சூரியன் மொத்தமும் அதுதான்.

டிசி மெஷினில் தகட்டின் மூலையை ஒட்டப் போனால் அந்த நீல வெளிச்சம், அதை ஆர்க் என்போம், நேராக நிற்காது. யாரோ ஊதின மாதிரி ஒரு பக்கம் சாயும், பொறி தெறிக்கும், ஒட்டு ஓட்டையாகும். புதுப் பையன் காற்றடிக்குதுன்னு தட்டி கட்டப் போவான். காற்றில்லை, காந்தம். எர்த் கிளாம்பைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டால் அடங்கும். என் மேஸ்திரி எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தபோது, பூமியைக் காப்பாற்றுகிற சங்கதியைத்தான் காட்டுகிறார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சூரியனிலிருந்து சராசரியாக வினாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் பிளாஸ்மா வீசிக்கொண்டே இருக்கிறது. இங்கேயிருந்து கன்னியாகுமரிக்கு இரண்டு வினாடிகூட ஆகாது. பூமியின் காந்தம் அதைச் சுமார் 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு முன்னாலேயே மடக்கி, பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது.

இந்தச் சூரியக் காற்றை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர் யூஜின் பார்க்கர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1958-ல் அவருக்கு 31 வயசு. சூரியனின் வெளிப்புறத்தில் இருக்கிற சூடான வாயு அடங்கிக் கிடக்காது, ஒலியை மிஞ்சிய வேகத்தில் வெளியே வீசியே தீரும் என்று கட்டுரை எழுதி அனுப்பினார். பெரிய பத்திரிகை. சரிபார்க்க இரண்டு நிபுணர்கள். ஒருவர் தப்பு என்றார். இன்னொருவரும் தப்பு என்றார். நம்ம ஊராயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும், சீல் குத்திக் கட்டி வைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? (இங்கே சுவர்மேல் இருந்த ஒரு வாண்டு "அப்துல் கலாம்!" என்றது. கைதட்டல்.) கலாம் இல்லடா கண்ணு. சுப்பிரமணியன் சந்திரசேகர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அப்புறம் கடற்கரையோரம் மாநிலக் கல்லூரி. கூவத்துக்கு அந்தப் பக்கம்தான், இருந்தாலும் நம்ம ஆளுதான். அவருக்கே பார்க்கர் சொன்னது மனசுக்குப் பிடிக்கவில்லை. பார்க்கர் என்ன கேட்டார்? பிடிக்கலைங்கிறாங்க சரி, கணக்கில் எங்கே தப்புன்னு யாராவது காட்டினாங்களா? யாரும் காட்டவில்லை. சந்திரசேகர் இரண்டு நிபுணர் பேச்சையும் தன் மனசையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கட்டுரையை அச்சேற்றினார். நாலே வருஷம். 1962-ல் மரைனர் 2 விண்கலம் வெள்ளிக்குப் போகிற வழியெல்லாம் அளந்தது. மாசக்கணக்கில் அந்தக் காற்று ஒரு நாளும் நிற்கவில்லை. 2018-ல் சூரியனுக்குப் போன விண்கலத்துக்குப் பார்க்கர் பெயரே வைத்தார்கள். உயிரோடு இருக்கிற மனிதர் பெயரை நாசா ஒரு விண்கலத்துக்கு வைத்தது அதுதான் முதல்முறை. 91 வயசில் அவர் அது கிளம்புவதை நேரில் நின்று பார்த்தார். 2024 டிசம்பரில் அது சூரியனின் மேற்பரப்புக்கு 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கிப் போய்த் திரும்பியது. காற்று அடிக்கிற இடத்துக்கே முறத்தோடு போவது என்றால் இதுதான்!

சூரியனைப் பார்க்க நாம் அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலம் அவ்வளவு நெருங்கவில்லை, அதன் வேலை வேறு. 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பி, 2024 ஜனவரி 6-ல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் போய் நின்றது. திட்ட இயக்குநர் செங்கோட்டைப் பெண், நிகர் ஷாஜி. ஏழு கருவிகள். காற்றின் துகள்களைப் பிடித்து எண்ணும் கருவி ஒன்றுக்குப் பெயர் பாப்பா. 2024 மே மாதம் பெரிய சூரியப் புயல் வந்து லடாக்கின் ஹான்லேயில் ராத்திரி வானம் சிவந்ததே, அந்தக் காற்றின் வேகம் ஏறியதை ஆதித்யாவும் பிடித்தது. அண்ணாச்சி, அந்த மாதிரி நேரத்தில் படகில் இருக்கிற ஜிபிஎஸ்கூட தடுமாறும். இது படித்தவன் விவகாரம் மட்டுமில்லை.

அந்த ராக்கெட் எங்கேயிருந்து ஏறியது? பழவேற்காட்டைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. நம் மொட்டை மாடியிலிருந்து புகைக்கோடு தெரியும். ராக்கெட் ஏறும் நாளில் பழவேற்காட்டு மீனவன் கடலுக்குப் போகக்கூடாது. அன்றைய பாடு போச்சு. அப்படியானால் ஒவ்வொரு ராக்கெட்டிலும் நம் சனத்தின் ஒரு நாள் கூலி ஏறிப் போகிறதா இல்லையா? (கைதட்டல்.)

ஆனால் நம் பிள்ளை ஒரு கோளரங்கம் பார்க்கணும் என்றால் கோட்டூர்புரம் போகணும். போன வருஷம் வேன் பிடித்து 22 பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை. போய்ச் சேரும்போது காட்சி ஆரம்பித்துவிட்டது, அடுத்ததுக்குக் காத்திருந்தோம். உள்ளே குளுகுளுவென்று ஏசி, இருட்டு, சாய்கிற நாற்காலி. விடியக்காலை நாலு மணிக்கு அம்மாவோடு ஏலத்துக்குப் போய்வந்த பையன் ஒருத்தன் சனி வளையம் வருவதற்குள் குறட்டை விட்டுவிட்டான். விளக்கு போட்டதும் எழுந்து, "இன்னா தாத்தா, விடிஞ்சிடுச்சா?" என்றான்.

இரண்டாவது சங்கதி, செவ்வாய். அதற்கும் ஒரு காலத்தில் காந்தப் போர்வை இருந்தது. அது போனதும் சூரியக் காற்று அதன் வாயுவைச் சுரண்ட ஆரம்பித்தது. 2014-ல் அங்கே போய்ச் சேர்ந்த மேவன் விண்கலம் அளந்தபடி வினாடிக்கு 100 கிராம் அளவில் இப்போதும் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பொட்டலம் வேர்க்கடலைதான். ஆனால் முந்நூறு நானூறு கோடி வருஷம் போனால்? வடசென்னையிலிருந்தும் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. நூலகத்துக்கு என்று இருந்த இடம் ஒன்று, விளையாட்டுத் திடலில் பாதி, படித்த பையன்கள் கொஞ்சம் பேர்.

தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கிறதே பழைய பள்ளிக் கட்டடம், அதைக் கேட்கிறோம். கீழே ஒரு ஹால், ஊதிப் பெரிதாக்குகிற கூடாரக் கோளரங்கம் ஒன்று வைக்கப் போதும். மாடியில் ஒரு டெலஸ்கோப். வெல்டிங் ஸ்டாண்டு நான் அடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம். மூன்று தடவை மனு கொடுத்தாயிற்று. பரிசீலனையில் இருக்கிறது என்று மூன்று தடவையும் ஒரே வரி. கணக்கில் எங்கே தப்பு என்று மட்டும் ஒருத்தரும் காட்டவில்லை. இன்றைக்குக் கவுன்சிலர் அம்மா இங்கே இருக்கிறார்கள், அண்ணாச்சியும் இருக்கிறார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டாமா?

நிலாவைப் பற்றிச் சொல்ல வந்தேன். தலைமையாசிரியை கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பொன்னாடையும் வந்துவிட்டது. நாலாவது மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனா இரண்டுதான், தள்ளாமல் வரிசையில் வாங்க. சுண்டல் கையெழுத்துக்கு அப்புறம்தான்.