பஃபலோ நகரத்துச் சாக்ஸபோன்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

ஸ்மூத் ஜாஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஹோட்டல் வரவேற்பறைதான். பின்னணியில் ஒரு சாக்ஸபோன் இழைந்துகொண்டிருக்கும், யாரும் நின்று கேட்க மாட்டார்கள். ஜாஸ் ரசிகர்களிலேயே ஒரு சாரார் இதை ஜாஸ் என்று ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடு கிடையாது. இந்த இசைக்கு வழி போட்டவர்களில் முதன்மையானவர் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியர். அவர் எந்த வீட்டில் வளர்ந்தார், எந்த மேடைகளில் அடிபட்டுத் தேறினார் என்று பார்த்தால், அந்த மென்மை லேசில் வந்ததல்ல என்பது விளங்கும். அவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது பஃபலோ. அந்தக் காலத்தில் எஃகு ஆலைகளும் தானியக் கிடங்குகளும் நிறைந்த உழைப்பாளிகளின் ஊர். அங்கே 1943 டிசம்பர் 12-ஆம் தேதி பிறந்தார் குரோவர். அப்பா சாக்ஸபோன் வாசிப்பவர், ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேர்த்து வைப்பவர். அம்மா தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். இந்த இரண்டு பக்கமும் கடைசிவரை அவர் வாசிப்பில் தெரிந்தன. விரலில் அப்பா, மூச்சில் அம்மா என்று சொல்லத் தோன்றுகிறது எனக்கு. சிறு வயதிலேயே மகன் கையில் ஒரு சாக்ஸபோனைக் கொடுத்துவிட்டார் அப்பா. முறையான பாடமும் நடந்தது. பதின்ம வயதிலேயே இரவு கிளப்புகளில் வாசிக்கத் தொடங்கினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஊரை விட்டுக் கிளம்பி, ஃபோர் கிளெஃப்ஸ் என்ற குழுவோடு ஊர் ஊராகப் போனார்.

அதன்பின் ராணுவ அழைப்பு வந்தது. அந்தத் தலைமுறை அமெரிக்க இளைஞர்கள் பலரின் கனவுகளைக் கலைத்த அழைப்பு அது. குரோவருக்கோ அதுவே ஒரு கதவைத் திறந்தது. ராணுவத்தில் இருந்தபோது பில்லி காபம் என்ற டிரம்ஸ் கலைஞரைச் சந்தித்தார். நியூயார்க் இசைக் கலைஞர்கள் பலரிடம் குரோவரை அறிமுகப்படுத்தியவர் அவர்தான். இந்த காபம்தான் பிறகு கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசித்தார். அந்த மெக்லாக்லின், அடுத்து நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு சேர்ந்து சக்தி குழுவில் வாசித்தவர். உலகம் எவ்வளவு சிறியது பாருங்கள்.

1967-இல் குரோவர் ஃபிலடெல்ஃபியாவில் குடியேறினார். அவரை உருவாக்கியது அந்த நகரம்தான் என்பேன். அன்றைய ஃபிலடெல்ஃபியா, மின்சாரத்தில் இயங்கும் விசைப்பலகை வாத்தியமான ஹேமண்ட் ஆர்கன் வாசிப்பவர்களின் கோட்டை. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் தெருவோர கிளப்புகள் இருக்கும். ஒரு ஆர்கன், ஒரு டிரம்ஸ், ஒரு கிட்டார், ஒரு சாக்ஸபோன், அவ்வளவுதான் குழு. பேஸ் என்ற அடிக்குரல் வாத்தியத்தை வாசிக்கத் தனியாக ஆள் கிடையாது. ஆர்கன் வாசிப்பவரே இடது கையாலும் காலாலும் அதைப் பார்த்துக்கொள்வார். அந்த ஆர்கனின் முழக்கத்துக்கு மேலே சாக்ஸபோன் எழும்ப வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். மெட்டு மனதில் ஒட்டவில்லையென்றால் பேச்சில் மூழ்கிவிடுவார்கள். வித்தையை மட்டும் காட்டி அவர்களைக் கட்டிப்போட முடியாது. எந்த இடத்தில் ஒரு சின்னச் சொற்றொடரைத் திரும்பச் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அங்கேதான் கற்க முடியும்.

ஆர்கன் கலைஞர் சார்ல்ஸ் இயர்லண்ட் 1970-இல் நியூவார்க் நகரத்து கிளப் ஒன்றில் பதிவு செய்த ‘லிவிங் பிளாக்’ தொகுப்பில் குரோவரின் டெனர் சாக்ஸபோனைக் கேட்கலாம். ஸ்மூத் என்று யாரும் அதைச் சொல்லத் துணிய மாட்டார்கள். கரகரப்பும் வேகமும் வியர்வையுமாக இருக்கும். இந்தக் காலத்தில் பிழைப்புக்காக இசைத்தட்டு மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றிலும் வேலை பார்த்தார். மக்கள் காசு கொடுத்து எதை வாங்குகிறார்கள் என்பதை அங்கே கண்ணால் பார்த்திருப்பார், அது வீண் போயிருக்காது என்பது என் எண்ணம்.

1971-இல் வந்தது திருப்பம். கிரீட் டெய்லர் என்ற தயாரிப்பாளர் குடு என்ற பெயரில் ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியிருந்தார். ஆல்டோ சாக்ஸபோன் மேதை ஹேங்க் கிராஃபோர்டை வைத்து ஒரு தொகுப்பு பதிவாக இருந்தது. இசை எழுதியாகிவிட்டது, ஒலிப்பதிவுக் கூடமும் தயார். கிராஃபோர்டால் வர முடியவில்லை. பக்கவாத்தியமாகப் பல பதிவுகளில் வாசித்துவந்த குரோவரைக் கூப்பிட்டார்கள். அவருடைய வாத்தியம் கனத்த குரலுள்ள டெனர். எழுதப்பட்டிருந்ததோ அதைவிட உயர்ந்த குரலுள்ள ஆல்டோவுக்கு. டெனரை வைத்துவிட்டு ஆல்டோவை எடுத்தார். இடம் நியூ ஜெர்சியில் இருந்த ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோ, சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் தன் புகழ்பெற்ற பதிவுகள் பலவற்றைச் செய்த அதே கூடம். இன்னொருவருக்கு என்று தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்ற இருபத்தேழு வயது இளைஞர், அது தனக்கே அளவெடுத்துத் தைத்தது போல வாசித்துவிட்டு வந்தார். ‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’ என்ற பெயரில் வெளியான அந்தத் தொகுப்புதான் அவர் தலைமையில் வந்த முதல் தொகுப்பு.

அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்வார்கள். கூப்பிட்ட அன்றைக்கு வேறொரு வாத்தியத்தில், வேறொருவர் இடத்தில் நின்று வாசிக்க முடிந்ததற்குப் பின்னால் கிளப்புகளும் ராணுவமும் ஆர்கன் குழுக்களும் இருக்கின்றன. அந்தத் தொகுப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. பில் விதர்ஸ் என்ற பாடகர் அந்த ஆண்டுதான் ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ பாட்டோடு புகழ் பெற்றிருந்தார். அந்தப் பாட்டைக் குரோவர் இதில் வாசித்திருக்கிறார். ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்த விதர்ஸ் குரோவரின் இசைக்குப் பாட வந்தார்.

அதற்குமுன் ‘மிஸ்டர் மேஜிக்’ வந்தது. 1975-இல் அந்தத் தொகுப்பு அமெரிக்க ஜாஸ் பட்டியலில் முதலிடம் பிடித்ததோடு, பாப் இசையும் சேர்ந்த பொதுப் பட்டியலிலும் முதல் பத்துக்குள் நுழைந்தது. வார்த்தை இல்லாத ஜாஸ் இசைக்கு இது அரிது. தொகுப்பின் பெயரையே கொண்ட மெட்டைக் கேட்டுப் பாருங்கள். பேஸும் டிரம்ஸும் ஒரே இடத்தில் நின்று சுழல்கின்றன. மேலே குரோவர் ஒரு சிறு சொற்றொடரை எடுக்கிறார், திரும்ப எடுக்கிறார், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டுகிறார். நம் பாடகர்கள் பல்லவி வரிக்கு அடுக்கடுக்காகச் சங்கதி போடுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும்.

இனி ‘வைன்லைட்’. 1980-இல் வந்த இந்தத் தொகுப்பைத்தான் அவருடைய உச்சம் என்று நான் கருதுகிறேன். ஸ்டீவ் காட் டிரம்ஸ், மார்கஸ் மில்லர் பேஸ், எரிக் கேல் கிட்டார், ரால்ஃப் மெக்டொனால்ட் தாளவாத்தியங்கள். நால்வரும் தத்தம் வாத்தியத்தில் வல்லவர்கள். ஒருவர்கூடத் தேவைக்கு மேல் ஒரு அடி போடுவதில்லை. குரோவர் சுரத்தின் மேல் நேராகப் போய் விழுவதில்லை. கொஞ்சம் கீழிருந்து உதட்டால் வளைத்து மேலே ஏறுகிறார். தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி வருகிறார். தனி நாணல் ரீடும் மவுத்பீஸும் உள்ள வாத்தியத்தில் உதட்டை ஒரு நூல் இறுக்கினாலும் தளர்த்தினாலும் சுருதி நகர்ந்துவிடும். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க அதைக் காப்பது கடினம். உரக்க ஊதுபவரைவிட மெல்ல ஊதுபவருக்கே மூச்சின் மேல் ஆட்சி அதிகம் வேண்டும். இந்த வாத்தியத்தோடு பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்வார்கள். ஆகவேதான் ‘சும்மா இதமாக வாசிக்கிறார்’ என்ற விமர்சனம் எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்தத் தொகுப்பில்தான் பில் விதர்ஸ் பாடிய ‘ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்’ இருக்கிறது. 1981-இல் அமெரிக்கப் பாப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. சிறந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடலுக்கான கிராமி விருது அதை எழுதிய மூவருக்குக் கிடைத்தது. ‘வைன்லைட்’ தொகுப்புக்குக் கிடைத்த ஜாஸ் ஃப்யூஷன் கிராமி குரோவருக்கு. தன் நகரத்துக் கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங்குக்கு ஒரு மெட்டையும் அதில் காணிக்கையாக்கியிருக்கிறார். ஃபிலடெல்ஃபியா அணியின் ஆட்டங்களுக்கு முன் தேசிய கீதம் வாசித்தவர் குரோவர். புகழ் வந்த பிறகும் அந்த நகரத்தோடு அவருக்கு இருந்த பிணைப்பு அறுபடவில்லை.

இந்த இசைக்கு ஸ்மூத் ஜாஸ் என்ற பெயர் பரவியது எண்பதுகளின் பிற்பகுதியில், வானொலி நிலையங்கள் வழியாக. 1987-இல் லாஸ் ஏஞ்சலஸில் ‘த வேவ்’ நிலையம் தொடங்கிய பிறகு நகரத்துக்கு நகரம் இப்படிப்பட்ட நிலையங்கள் முளைத்தன. குரோவரைத் தன் முன்னோடியாகச் சொல்லும் சாக்ஸபோன் கலைஞர் கென்னி ஜி-யின் இசைத்தட்டுகள் கோடிக்கணக்கில் விற்றன. வியாபாரம் பெருகப் பெருக ஆர்கன் கிளப்பின் கரகரப்பு இந்த இசையிலிருந்து கரைந்துபோனது எனக்கு வருத்தம்தான். அந்தப் பழியைக் குரோவர் தலையில் கட்டுவது தவறு. 1988-இல் ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், டாமி ஃப்ளானகன் போன்ற பெருங்கலைஞர்களோடு ‘தென் அண்ட் நவ்’ என்ற தொகுப்பில் மரபான ஜாஸ் வாசித்து, தன் வேர் எது என்று காட்டிவிட்டார்.

1999 டிசம்பர் 17. நியூயார்க்கில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சிக்காக நான்கு மெட்டுகளை வாசித்துப் பதிவு செய்து முடித்தார். ஓய்வறையில் காத்திருந்தபோது மாரடைப்பு. ஐம்பத்தாறாவது பிறந்தநாள் கழிந்து ஐந்தே நாள். மறு ஆண்டு ‘அரியா’ வெளிவந்தது. ஆப்பரா பாடகர்கள் பாடும் பாடல்களைச் சாக்ஸபோனில் வாசித்த தொகுப்பு அது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பள்ளிக்கு இன்று அவர் பெயர்.

கேட்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘வைன்லைட்’டில் தொடங்காதீர்கள். முதலில் இயர்லண்டோடு வாசித்த 1970-ஆம் ஆண்டு கிளப் பதிவைக் கேளுங்கள், பிறகு ‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’, அதற்குப் பிறகு ‘வைன்லைட்’டுக்கு வாருங்கள். முடிந்தால் நல்ல ஹெட்ஃபோனில், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல்.

நன்றி, வணக்கம்.