டோப்பாவின் விளிம்பு

(பாளையங்கோட்டையில் திரைப்பட ஆர்வலர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

நம் திருநெல்வேலிச் சீமையில் வேஷம் கட்டுவது என்றுதான் சொல்வோம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு விரதமிருந்து, தசராவுக்குக் காளி வேஷம் கட்டுபவரை உங்களில் பலர் அருகிலிருந்து பார்த்திருப்பீர்கள். சடாமுடியும் கிரீடமும் தலையில் ஏறியதும் அவர் கழுத்தைத் திருப்பும் விதமே மாறிவிடுகிறது. தோள் நிமிர்கிறது, நடை கனக்கிறது. மாய உலகைக் காட்டும் திரைப்படத்தில் ஒப்பனைக்கும் சிகையலங்காரத்துக்கும் உரிய வேலை அதுவே என்று நான் நம்புகிறேன். முகத்தை அழகாக்குவது அதில் சிறு பங்கு. அந்த உடம்பு எந்த உலகத்தில் வாழ்கிறது என்பதை, வசனம் தொடங்குமுன்பே பார்ப்பவர் உணர்ந்துவிட வேண்டும்.

சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கணியான் கூத்து நடக்கும்போது, தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, மகுடம் என்னும் தோற்கருவி ஒலிக்க, பெண் வேடமிட்ட ஆண்கள் இருவர் ஆடுகிறார்கள். கூட்டத்தின் கடைசி வரிசையில் குழந்தையை மடியில் கிடத்தி அமர்ந்திருக்கும் தாய்க்கும் அந்த முகம் தெரிந்தாக வேண்டும். ஆகவே அங்கே புருவம் தடித்திருப்பதும் கன்னம் சிவந்திருப்பதும் தூரத்தைக் கணக்கிட்ட அறிவு. காமிராவோ அந்தத் தூரத்தை அழித்துவிடுகிறது. நெற்றியின் ஒரு மயிரிழைகூட அதில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். ஊமைப்பட காலத்துப் படச்சுருள் சிவப்பை உணராததால், சாயமிட்ட உதடு திரையில் கறுத்துத் தெரிந்தது. அதற்கேற்பப் பூச்சை மாற்றினார்கள். காமிரா மாறும்போதெல்லாம் ஒப்பனையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

பொய் முதலில் பிடிபடும் இடம் டோப்பாவின், அதாவது பொய்முடியின், முன்விளிம்பு. பழைய புராணப் படங்களில் அந்த விளிம்பை மறைக்கக் கிரீடமும் நெற்றிச்சுட்டியும் இருந்தன. தலைமுடி காற்றில் அலைய வேண்டிய காட்டுவாசிக்கோ சூனியக்காரிக்கோ அந்த வசதி கிடையாது. ஆகவே தோல் நிறத்துக்கு இசைந்த மெல்லிய வலைத்துணியில், கொக்கி ஊசியால் ஒவ்வோர் இழையாக முடிச்சிட்டு, நெற்றியோரத்தில் மயிர் முளைக்கும் சாய்வையும் அடர்த்தி குறையும் விதத்தையும் கவனித்துக் கட்டுகிறார்கள்; ஒரே டோப்பாவுக்குப் பல நாள் உழைப்பு கரைகிறது. வலையின் ஓரத்தைப் பசையால் ஒட்டியபின் துணி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. இந்தப் பொறுமைக்கு முன் நான் கைகூப்பி நிற்கிறேன்.

முடிச்சு எவ்வளவு நேர்த்தியானாலும், அந்த முடி அந்த உலகத்தில் வாழ்ந்திருக்காவிட்டால் பயனில்லை. பாலைவனத்தை மூன்று நாள் கடந்து வந்த இளவரசியின் கூந்தல் அப்போதுதான் சீவி முடித்தது போல மின்னினால், அத்தனை கோடியில் எழுப்பிய பாலைவனமும் அந்த நொடியே உதிர்ந்துவிடுகிறது. அவள் எண்ணெய் எதிலிருந்து எடுக்கிறாள், கொண்டையை யார் முடிகிறார்கள், எதைக் கொண்டு கட்டுகிறார்கள் என்ற கேள்விகளுக்கு விடை கண்டபின்தான் சீப்பைத் தொட வேண்டும். கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போய், நாயக்கர் காலச் சிற்பங்களின் முகத்தை விட்டுவிட்டு, கொண்டைகளை மட்டும் ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். அரசகுமாரியும் குறத்தியும் அங்கே வேறு வேறு வாழ்வை உடையவர்கள் என்பது தெரியும்.

பின்னணியைக் கணினியில் சேர்ப்பதற்காகப் பச்சைத் திரையின் முன் எடுக்கும் காட்சிகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. பறக்கும் மெல்லிழைகளைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பது கணினிக் கலைஞர்களுக்குக் கடினம். வெளிர்நிற முடியில் பச்சை ஒளி படிந்துவிடும். பச்சை உடம்பு கொண்ட பாத்திரமென்றால் நீலத்திரைக்கு மாற வேண்டிவரும். சிகையலங்காரக் கலைஞரையும் கணினிக் கலைஞரையும் படப்பிடிப்புக்கு முன்பே ஒரே மேசையில் அமர்த்தாத தயாரிப்பு பின்னால் வருந்தும்.

உடல்நலத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். அரிதாரம் என்று நாம் ஒப்பனைக்கே பெயராக்கிக்கொண்ட சொல், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமத்தைக் குறிப்பது, அது நஞ்சு. 1939இல் வெளிவந்த 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் தகர மனிதனாக நடிக்கத் தொடங்கிய பட்டி எப்சன், முகத்தில் தூவிய அலுமினியத் தூளைச் சுவாசித்து மருத்துவமனையில் கிடந்தார். அவருக்குப் பதிலாக வந்த ஜாக் ஹேலிக்குத் தூளை விட்டுவிட்டுப் பசையாகப் பூசினார்கள். அதே படத்தின் சூனியக்காரி மார்கரெட் ஹாமில்டன் தீக்காட்சியில் தீக்காயம் அடைந்தபோது, செம்பு கலந்த பச்சைப் பூச்சை எரிந்த தோலிலிருந்து உடனே துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. திரையில் நாம் வியக்கும் நிறத்தை ஒரு மனிதத் தோல் சுமக்கிறது என்பதை எந்த இயக்குநரும் மறக்கலாகாது. இன்றைய சிலிக்கோன் பூச்சுகளும் பலமணி நேரம் வியர்வையை அடைத்தே வைக்கின்றன. நம் ஊர் வெயிலில் அது சிறிய துன்பமன்று.

ஆஸ்கரில் ஒப்பனைக்கென நிரந்தர விருது 1981ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் தொடங்கியது. அந்த விருதின் பெயரில் சிகையலங்காரம் சேர 2012ஆம் ஆண்டுப் படங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பு எனக்கு வருத்தமளிக்கிறது.

இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் செல்லும்போது, வேஷம் கட்டும் இடத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். சூரசம்ஹாரம் முடிந்து வேஷம் கலைப்பவர்களிடம் அனுமதி கேட்டு அருகில் நில்லுங்கள். கிரீடம் நெற்றியில் எங்கே தடம் பதித்திருக்கிறது, வியர்வையில் பூச்சு எந்த இடத்தில் முதலில் விலகியிருக்கிறது, உப்புக்காற்றில் சடாமுடி எப்படிச் சிக்கேறியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.