வாளி தெரியும் வரை

நேயர்களுக்கு வணக்கம். "உங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். எந்த அனுபவம் என்று கேட்டதற்கு, "அது உங்கள் விருப்பம்" என்றார்கள். சரி, போன வருடம் நடந்த ஓர் இருபது நிமிடச் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய பிக்கப் வண்டியை டெஸ்ட் டிரைவ் எடுத்த கதை அது.

நான் நர்சரி நடத்துகிறவள். மண், எரு, பூந்தொட்டி என்று எல்லாவற்றையும் பன்னிரண்டு வருடம் ஒரு சின்னக் காரிலேயே ஏற்றி இறக்கினேன். பின்சீட்டை மடக்கி மூட்டைகளை அடுக்கி, மேலே நாற்றுத் தட்டுகளை வைத்துவிட்டால், கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியாது. இலைதான் தெரியும். போன வருடம் காரின் பின்பக்கம் ஒரு நாள் இறங்கியது, மூட்டைகளை எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "இதைக் கொஞ்சம் விட்டுடுங்கம்மா" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல? பிக்கப் பார்க்கக் கிளம்பினேன். துணைக்குத் தம்பி வந்தான்.

முதலில் என் உயரத்தைச் சொல்லிவிட வேண்டும். ஐந்தடி. செருப்பைச் சேர்த்து.

ஷோரூம் வாசலில் நின்ற வண்டி கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளம். பக்கத்தில் போய் நின்றேன். பானெட்டின் விளிம்பு என் நெஞ்சுக்கு வந்தது. சேல்ஸ்மேன் நல்ல பிள்ளை, மரியாதையானவர், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஆனால் இன்ஜின் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முகம் தானாகத் தம்பி பக்கம் திரும்பிவிடும். "இழுவையைப் பாருங்க சார்" என்பார். வண்டியின் நிறத்துக்கு வந்தால் என் பக்கம் திரும்பி, "சிவப்பு ரொம்ப நல்லா இருக்கும் மேடம்" என்பார். நாலைந்து தடவை இப்படி நடந்த பிறகு தம்பிக்கே தாங்கவில்லை. "எல்லாத்தையும் அக்காகிட்ட சொல்லுங்க. எனக்கு லைசென்ஸே கிடையாது" என்றான். சாவி என் கைக்கு வந்தது. கூடவே ஒரு ஆறுதலும் வந்தது: "பயப்படாதீங்க மேடம், கார் ஓட்டுற மாதிரியேதான் இருக்கும்."

எனக்கு வண்டியைப் பார்த்துப் பயமில்லை. இவ்வளவு பெரியதை நான் ஓட்டிக் காட்டிவிடுவேனா என்றுதான் வயிற்றைப் பிசைந்தது. பரீட்சை ஹாலுக்குள் போகிற மாதிரி இருந்தது. அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். அது என்ன தப்பு என்று பின்னால் சொல்கிறேன்.

ஏறுவதே ஒரு வேலை. பக்கவாட்டில் மிதிபலகை இருக்கிறது. அதில் கால் வைத்துவிட்டால் அடுத்து எதைப் பிடித்து ஏறுவது? பக்கத்துச் சீட்டுக்காரருக்கு வசதியாகக் கைப்பிடி வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவர் பக்கம் ஒன்றுமில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறினேன். இந்தப் பக்கம் ஏறுகிறவர் எப்படியும் ஆறடி இருப்பார் என்று வரைந்தவர் முடிவுகட்டிவிட்டார் போலிருக்கிறது.

சீட்டை முன்னால் நகர்த்தினேன். இன்னும் நகர்த்தினேன். பிரேக் பெடலை அடிவரை மிதிக்க எட்டியபோது ஸ்டீயரிங் நெஞ்சுக்கு வெகு அருகில் வந்துவிட்டது. விபத்தில் ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் லேசுப்பட்டதல்ல. நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே குறைந்தது 10 அங்குல இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் அறிவுரை. கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாணும் ஒரு விரலும் இருந்தால் சரி. எனக்கு ஒரு சாணே முழுதாக இல்லை. சீட்டின் சாய்வைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஸ்டீயரிங்கை உள்ளே அமுக்கி ஒருவழியாக அந்த விரலைச் சம்பாதித்தேன். சீட் பெல்ட்டும் கழுத்தில் உரசியது. பக்கத் தூணில் அதை இறக்கிவைக்கும் பொத்தான் இருந்ததால் அது தோளுக்கு வந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும்போது உள்ளே பொம்மைகளை உட்காரவைப்பார்களே, அதில் 'சிறிய பெண்' என்று ஒன்று உண்டு. உயரம் ஏறக்குறைய 150 சென்டிமீட்டர், எடை 49 கிலோ. உயரத்தில் எனக்கு உடன்பிறந்தவள் மாதிரி. எடையைப் பற்றி ரேடியோவில் பேச வேண்டாம். விஷயம் என்னவென்றால், பல வருடங்களாகப் பயன்பாட்டில் இருக்கிற அந்தப் பொம்மை பெரும்பாலும் ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்ததுதான். பெண்ணின் கழுத்தும் இடுப்பும் ஆணுடையதின் சின்ன அளவுப் பிரதி இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

வண்டியைக் கிளப்பினேன். உண்மையைச் சொன்னால் பிடித்திருந்தது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தால் முன்னால் போகிற நாலு காருக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று தெரிகிறது. ஸ்டீயரிங் ஒரு விரலில் சுற்றுகிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் போதும், எருமை எழுந்து நடக்கிற மாதிரி அவசரமில்லாமல் நகர்கிறது. முதல் வேகத்தடையில்தான் தலை கூரையைத் தேடிப் போனது. "லோடு இல்லாம இருந்தா இப்படித்தான் மேடம்" என்றார் சேல்ஸ்மேன். அது நியாயமான பதில். பின்சக்கரத்துக்கு மேலே பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். அது முக்கால் டன், ஒரு டன் சுமையைத் தாங்குவதற்கென்றே விறைப்பாகச் செய்யப்பட்டது. வெறும் பெட்டியோடு போனால் அதற்கு வளைய வேலை இல்லை. பள்ளம் மேடு எல்லாவற்றையும் அப்படியே நமக்கு அனுப்பிவிடும்.

அப்புறம் ஒரு முனையில் திரும்பினேன். முன்பக்கம் அழகாகத் திரும்பியது. 'ஆஹா' என்று நினைப்பதற்குள் பின்னால் ஒரு தூக்கு, ஒரு இறக்கம். உள்பக்கப் பின்சக்கரம் நடைபாதை ஓரத்தில் ஏறி இறங்கிவிட்டது. முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, குறுக்கே வெட்டி வரும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே தூரம் கூடக்கூட அந்த வெட்டும் கூடும். இந்த வண்டியில் அது மூன்றரை மீட்டருக்கும் மேல். லாரி ஓட்டுகிறவர்கள் முனையைத் தாண்டிப் போய் அப்புறம் ஒடிப்பது இதற்காகத்தான். சேல்ஸ்மேன் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் "ஸாரி" என்றேன்.

யாரிடம் கேட்டேன் அந்த ஸாரியை? நடைபாதையில் யாரும் இல்லை, வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பரீட்சையில் ஒரு மார்க் போய்விட்டது என்பதற்காகக் கேட்டிருக்கிறேன். அடுத்த சிக்னலில் நிற்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. காசு கொடுக்கப்போவது நான். பாஸா ஃபெயிலா என்று சொல்லவேண்டியது நான். பரீட்சை எழுதுவது வண்டிதானே?

பெர்த்தா பென்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணியை நினைத்துக்கொண்டேன். 1888-ல் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை, அவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனவர். பெண்ணும் ஓட்டலாம் என்று காட்டினார் என்று அவரைப் பற்றிப் பேசுகிறோம். எனக்குப் பிடித்தது வேறொன்று. வழியில் பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் வைத்து அடிக்கச் சொன்னார். மேட்டில் வண்டி ஏறாமல் பிள்ளைகள் தள்ளவேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து, மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். அதாவது, வண்டியின் குறைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். டெஸ்ட் டிரைவ் என்றால் அது.

ஷோரூமுக்குத் திரும்பியதும் இன்ஜினை அணைக்கவில்லை, இறங்கவும் இல்லை. ஓரமாகக் கிடந்த ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தம்பியிடம் எடுத்துவரச் சொன்னேன். பம்பருக்கு முன்னால் தரையில் வைக்கச் சொன்னேன். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் வாளி இல்லை. "ஒரு எட்டு தள்ளி வை." இல்லை. இன்னொரு எட்டு. இல்லை. தம்பியின் தலை மட்டும் பானெட்டுக்கு மேலே மிதந்து போய்க்கொண்டிருந்தது. ஐந்தாவது எட்டில்தான் வாளியின் வாய் தெரிந்தது. நான் ஹாரன் அடித்தேன். சேல்ஸ்மேன் எட்டி வந்து என் சீட்டுப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவருக்கு அது புதுசு. அவர் உயரத்துக்கு வாளி முன்னாலேயே தெரிந்திருக்கும்.

நாலு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். இந்த வண்டியின் பானெட் அதைவிட உயரம். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம், பாதசாரிகள் மீது வண்டி மோதிய ஏறக்குறைய 18,000 சம்பவங்களை ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டது. பானெட் 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள வண்டிகளோடு ஒப்பிட்டால், 40 அங்குலத்தைத் தாண்டிய வண்டிகள் மோதும்போது பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். தாழ்ந்த பானெட் காலில் அடிக்கிறது. உயர்ந்தது நெஞ்சிலும் தலையிலும் அடிக்கிறது. முன்பக்கம் கேமரா உண்டே என்றார் சேல்ஸ்மேன். உண்டு, மெதுவாகப் போகும்போது உதவும். அதன் மேல் சேறு தெறித்த அன்றைக்கு யார் துடைப்பது? நர்சரிக்காரியிடம் சேற்றைப் பற்றிப் பேசக்கூடாது.

அப்புறம் பின்பக்கம் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும், வாங்க வந்ததே இதற்குத்தானே. பெட்டியின் நீளம் ஐந்தரை அடி. 1925-ல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காருக்குப் பின்னால் பெட்டி வைத்துத் தொழிற்சாலையிலேயே பிக்கப்பாக விற்க ஆரம்பித்தது. அந்தப் பெட்டி 56 அங்குல நீளம், இன்ஜின் 20 குதிரைத் திறன். நூறு வருடத்தில் பெட்டியின் நீளம் ஓரடிகூடக் கூடவில்லை. ஆட்கள் உட்காரும் கேபினும் பானெட்டும்தான் வளர்ந்திருக்கின்றன. நீளமான பெட்டி வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்தப் பெட்டியின் கொள்ளளவு ஒன்றரை கன மீட்டர். ஈரமண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. விளிம்பு வரை அள்ளிப் போட்டால் இரண்டு டன்னைத் தாண்டும். கதவோரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஆளையும் சேர்த்து ஏற்றலாம் என்று போட்டிருந்தது 780 கிலோ. ஆக, எனக்கு இந்தப் பெட்டி மூன்றில் ஒரு பங்குதான். இழுவை எவ்வளவு என்று அரை மணி நேரம் சொன்னவர், ஏற்ற என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சேல்ஸ்மேனைக் குறை சொல்லவில்லை, அவரிடம் பேசியவர்கள் யாரும் மண்ணைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்.

"இதைவிட ஒரு அளவு சின்னது இருக்கா? பானெட் தாழ்வா?" என்று கேட்டேன். இருந்தது. "அதை லோடோட ஓட்டிப் பார்க்கணும். பதினைந்து மூட்டை நானே கொண்டுவர்றேன்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "மேடம், மூட்டையோட யாரும் கேட்டதில்ல" என்றார். மேனேஜரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் பழைய கார் மூன்று நடை நடந்து மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியது. அதற்கு அதுதான் கடைசி வேலை. தம்பியும் சேல்ஸ்மேனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். பின்பக்கம் நாலு விரல் இறங்கி உட்கார்ந்தது. அதே வேகத்தடையில் வண்டி தொட்டில் மாதிரிப் போனது. மூன்றாவது எட்டிலேயே வாளி தெரிந்தது. ஏறுவதற்கு ஓட்டுகிறவர் பக்கமும் கைப்பிடி இருந்தது. அதைத்தான் வாங்கினேன்.

முதல் நாள் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். நான் இறங்கியதும் அந்தப் பெரிய வண்டியை ஓட்டிப் பார்க்க இன்னொருவர் காத்திருந்தார். நல்ல ஆறடி ஆள். கதவைத் திறந்து ஒரே எட்டில் ஏறினார். சீட்டை நான் நகர்த்தி வைத்ததை வைத்தபடியே விட்டுவிட்டேன் போல. முழங்கால் இரண்டும் போய் ஸ்டீயரிங்குக்கு அடியில் இடித்துக்கொண்டன. "யாருப்பா இதுல கடைசியா உட்கார்ந்தது?" என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் சேல்ஸ்மேனைப் பார்த்தேன். அவர் அந்த மனிதரிடம் போய், "பயப்படாதீங்க சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.