பென்சிலில் எழுதிய மனு

வணக்கம் நண்பர்களே. பின்னால் தெரிகிறதே வெள்ளைக் கட்டடம், அதுதான் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம். வாஷிங்டனில், நாடாளுமன்றத்துக்கு எதிரே நிற்கிறேன். காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவை மேலே திருப்புகிறேன். 44 படிகள், உச்சியில் வெண்கலக் கதவு. அந்தக் கதவு மட்டும் 13 டன். 2010இல் பாதுகாப்புக் காரணம் சொல்லி அந்த வழியாகப் பொதுமக்கள் நுழைவதை நிறுத்திவிட்டார்கள். பக்கவாட்டு வாசலில் சோதனை முடித்துத்தான் போக வேண்டும். அப்போது இந்த நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி பிரேயர் இதற்கு வருத்தம் தெரிவித்து எழுதினார், சக நீதிபதி கின்ஸ்பர்க்கும் அவருடன் சேர்ந்துகொண்டார். இங்கே நின்று பார்க்கும்போது எனக்கும் அதே வருத்தம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கீழ் நீதிமன்றத்தில் தோற்றவர் எல்லாரும் நேராக இங்கே வந்துவிட முடியுமா? முடியாது. இந்தியாவில் கீழ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஒரே ஏணி. அமெரிக்காவில் இரண்டு ஏணி. கொலை, விவாகரத்து, வாடகைத் தகராறு போன்றவை பெரும்பாலும் அந்தந்த மாநில நீதிமன்றங்களிலேயே முடிந்துவிடும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உச்ச நீதிமன்றம் உண்டு. கூட்டாட்சிச் சட்டம், அதாவது நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கு இன்னோர் ஏணி: 94 மாவட்ட நீதிமன்றங்கள், அவற்றுக்கு மேலே 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். இரண்டு ஏணிக்கும் மேலே இந்தக் கட்டடம். ஆனால் மாநில ஏணியிலிருந்து வருபவர், கூட்டாட்சிச் சட்டமோ அரசியல் சாசனமோ தனக்குத் தந்த உரிமை மறுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும்.

அப்படிக் காட்டினாலும் வழக்கை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் மனுக்கள் வருகின்றன. வாதம் கேட்பது அறுபது, எழுபதுதான். ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் ‘கேட்கலாம்’ என்றால் வழக்கு உள்ளே வரும். அந்த முடிவை எடுக்கும் அறையில் ஒன்பது பேரைத் தவிர ஒரு உதவியாளர்கூட இருக்க மாட்டார். யாராவது கதவைத் தட்டினால், கடைசியாகப் பதவிக்கு வந்த நீதிபதி எழுந்து போய்த் திறக்க வேண்டும்!

இப்போது நான் சொல்ல வந்த மனிதர். கிளாரன்ஸ் கிடியன். 1961இல் ஃப்ளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் புகுந்து சில்லறைக் காசும் மதுவும் திருடியதாகக் கைதானார். வக்கீல் வைக்கக் காசில்லை, அரசு ஒருவரைத் தர வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குக்குத்தான் தருவோம் என்றார் நீதிபதி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் தனக்குத்தானே வாதாடினார். ஐந்து வருடச் சிறை.

சிறையிலிருந்து மாநில உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். தள்ளுபடி. அப்புறம் 1962 ஜனவரியில் இங்கே எழுதினார். கைதிகளுக்கான கடித விதிகள் மேலே அச்சடித்திருந்த கோடு போட்ட தாள். அதில் பென்சிலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதிய மனு. யோசித்துப் பாருங்கள், பெரிய பெரிய வக்கீல்களின் மனுக்களுக்கு நடுவே அந்தப் பென்சில் தாள்!

நீதிமன்றம் அதை எடுத்துக்கொண்டது. அவருக்காக வாதாட ஏப் ஃபோர்டஸ் என்ற வக்கீலையும் நியமித்தது. பின்னாளில் அவரே இங்கே நீதிபதி ஆனார். 1963 மார்ச் 18, ஒன்பது பேரும் ஒரே முடிவு: குற்ற வழக்கில் ஏழைக்கு அரசு வக்கீல் தந்தே ஆக வேண்டும். தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக். 1942இல் இதே கேள்வி வந்தபோது ‘தர வேண்டும்’ என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதித் தோற்றவர் அவர். இருபத்தோரு வருடம் காத்திருந்திருக்கிறார். எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

அதே ஆகஸ்டில் கிடியனுக்கு மறு விசாரணை, இந்த முறை வக்கீலோடு. ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழு, ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் யோசித்தது. விடுதலை.

வரிசை நகர்கிறது. வாதம் நடக்கும் அறையில் கேமராவுக்கு அனுமதி இல்லை. 2020 முதல் வாதங்களை நேரலையாகக் காதால் கேட்கலாம், கண்ணால் பார்க்க நேரில்தான் வர வேண்டும். இங்கேயே அணைக்கிறேன், வெளியே வந்து பேசுகிறேன்.