பச்சைக் குழந்தைக்கு ராத்திரி எப்போது?

நேயர்களுக்கு வணக்கம். பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரியில் கொட்டக் கொட்ட விழித்திருக்கும் கைக்குழந்தையைப் பார்த்து, "பகலையும் இரவையும் மாற்றிக்கொண்டது" என்பார்கள். உண்மையில் அது எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. பகல், இரவு என்ற பேதமே அதன் உடம்புக்கு இன்னும் வரவில்லை.

வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடம்பில் இருட்டியதும் சுரக்கும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியே போய், "இப்போது இரவு" என்று சிசுவுக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தது. பிறந்ததும் அந்தச் சேதி நின்றுவிடுகிறது. மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதியில் உடல் கடிகாரம் இருக்கிறது. ஆனால் சொந்த மெலடோனின் இரவுதோறும் ஒழுங்காகச் சுரக்க ஏறக்குறைய 3 மாதம் ஆகும். அதுவரை பசிதான் கடிகாரம். 2, 3 மணி நேரத்துக்கொரு முறை பால், நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் துண்டு துண்டான தூக்கம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த 3 மாதத்தைப் பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். நல்லெண்ணத்தில் நாம் செய்கிற பிழையும் இங்கேதான். குழந்தை தூங்கட்டும் என்று பகலில் ஜன்னலைச் சாத்தி, திரை போட்டு, வீடே குசுகுசுவென்று பேசுகிறோம். ராத்திரி 2 மணிக்கு அது அழுதால் டியூப்லைட்டைப் போட்டு, முகம் பார்த்துக் கொஞ்சுகிறோம். இரண்டையும் தலைகீழாக்குங்கள். காலையில் ஜன்னல் திறந்திருக்கட்டும், வீட்டுச் சத்தம் வழக்கம்போல் கேட்கட்டும். நேர் வெயில் மட்டும் படவேண்டாம். இரவில் தரையோரம் மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று போதும். அந்த வெளிச்சத்திலேயே பால் கொடுங்கள். நனைந்திருந்தால் மட்டும் துணி மாற்றி, பேச்சுக் கொடுக்காமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

தாய்ப்பாலுக்கும் நேரம் உண்டு. இரவுப் பாலில் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் இல்லையென்றே சொல்லலாம். பீய்ச்சிச் சேமிப்பவர்கள் தேதியோடு நேரத்தையும் எழுதி வைத்தால், இரவுப் பாலை இரவிலேயே கொடுக்கலாம். பகல் பால்தான் இருக்கிறதென்றால் தயங்காமல் அதைக் கொடுங்கள், பசியாறுவதே முக்கியம்.

3 வயது, 4 வயதுப் பிள்ளைகளின் கண் பெரியவர்கள் கண்ணைவிட அதிக ஒளியை உள்ளே விடும். அதனால் இரவு வெளிச்சம் அவர்களுடைய மெலடோனினைச் சட்டென்று அடக்கிவிடும். படுக்கிற நேரத்துக்கு 1 மணி நேரம் முன்பே செல்போனை எடுத்து வைத்து, விளக்கைக் குறையுங்கள்.

ஒன்று மட்டும் வேறு விஷயம். பிறந்த சில வாரக் குழந்தை பால் நேரத்துக்கு எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால், கடிகாரக் கணக்குப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.