டென்மார்க் அரண்மனைக்கு மருமகளாகப் போவது எப்படி?

[திரையில்: இரவு நேரச் சிட்னி துறைமுகம்]

2000 செப்டம்பர் 16. ஒலிம்பிக் தொடங்கி ஒரு நாள்தான் ஆகிறது. சிட்னியில் ‘ஸ்லிப் இன்’ என்ற பப்பில், விளம்பரத் துறையில் வேலை பார்த்த 28 வயது மேரி டொனால்ட்சன் ஒருவரோடு கைகுலுக்குகிறார். டென்மார்க்கிலிருந்து வந்திருக்கிறார் போல, அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்து யாரோ வந்து, "இவங்க எல்லாம் யாருன்னு தெரியுமா?" என்று கேட்ட பிறகுதான் அவர் பட்டத்து இளவரசர் ஃபிரடெரிக் என்று தெரிகிறது. இதை மேரியே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் காட்சியை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது.

அதற்கு முன் ஒன்று. ‘சாமானியப் பெண்’ என்றதும் நம் மனதில் குடிசை வந்துவிடும். மேரி டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் வளர்ந்தவர், அப்பா கணிதப் பேராசிரியர். இங்கே சாமானியர் என்றால் அரச வம்சத்திலோ பிரபு வம்சத்திலோ பிறக்காதவர், அவ்வளவுதான். பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

[திரையில்: சட்டப் புத்தகத்தின் பக்கம்]

சரி, சட்டம் என்ன சொல்கிறது? டென்மார்க்கின் 1953 வாரிசுரிமைச் சட்டத்தில் ஐந்தாவது பிரிவு. அரியணை உரிமையுள்ள ஒருவர், மன்னர் அமைச்சரவையோடு உட்காரும் அரச சபையில் சம்மதம் வாங்காமல் கல்யாணம் செய்தால், உரிமை போய்விடும். அவருக்கு மட்டுமல்ல, அந்தக் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கும்.

சும்மா எழுதிவைத்த பிரிவு இல்லை இது. ஃபிரடெரிக்கின் அம்மா மார்கிரேத ராணிக்கு இங்கோல்ஃப் என்று ஒரு சித்தப்பா மகன். பெண்களும் ஆளலாம் என்று 1953-இல் சட்டம் மாறாமல் இருந்திருந்தால் டென்மார்க்கின் அரசராகியிருக்கக்கூடியவர். 1968-இல் பட்டம் எதுவும் இல்லாத பெண்ணை மணந்தார். அரியணை உரிமையும் போனது, இளவரசர் பட்டமும் போனது. அதன் பிறகு வெறும் ‘கவுண்ட்’, அதாவது ஒரு பிரபு.

மேரி விஷயத்தில் அப்படி ஆகவில்லை. 2003 அக்டோபர் 8-ஆம் தேதி அரச சபையில் ராணி சம்மதம் கொடுத்தார், அன்றே நிச்சயதார்த்தம். அப்புறம் குடியுரிமை. கல்யாண நாளன்றே மேரி டேனிஷ் குடிமகள் ஆவதற்கு நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. 2002-இல்தான் அதே நாடு, வெளிநாட்டுத் துணையை அழைத்துவர இருவருக்கும் 24 வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதியை இறுக்கியிருந்தது. இளவரசர் வீட்டுக் கல்யாணம் என்றால் வரிசை வேறு! பிரஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவில் இருந்த மேரி, டென்மார்க்கின் லூத்தரன் சபைக்கும் மாறினார்.

என்னைக் கேட்டால் இதெல்லாம் கையெழுத்தோடு முடிகிற வேலை. பெரிய பரீட்சை மொழிதான்.

டேனிஷ் எழுதுவது ஒன்று, வாயில் வருவது இன்னொன்று. எழுத்தில் ‘d’ இருக்கும். நாக்கு அதைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடும். வெளியூர்க்காரர் ‘தமிழ் கத்துக்கிட்டேன்’ என்றால் நாம் உடனே ‘வாழைப்பழம்’ சொல்லச் சொல்வோம் இல்லையா? டேனிஷ்காரர்கள் அதே குறும்போடு, பழக்கூழில் பால் க்ரீம் ஊற்றிச் சாப்பிடும் ஒரு பலகாரத்தின் பெயரைச் சொல்லச் சொல்வார்கள். ரோட்குரோட் மெட் ஃப்ளோட. நான் இப்போது சொன்னதே தப்பு.

மாமனார் ஹென்ரிக் பிரெஞ்சுக்காரர், அவரும் அரச வம்சம் இல்லை. அவருடைய டேனிஷ் உச்சரிப்பை ஊரே பல வருடம் கிண்டல் செய்தது. மேரிக்கு அந்தப் பாடம் கண்ணெதிரே இருந்தது. கோபன்ஹேகனில் குடியேறி, மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துக்கொண்டே மொழியும் படித்தார். இன்று பொது நிகழ்ச்சிகளில் டேனிஷிலேயே உரையாற்றுகிறார்.

[திரையில்: கோபன்ஹேகன் தேவாலயம், 2004 மே 14]

கல்யாணத்தில் ஒரு சின்ன விஷயம். மேரியின் அம்மா 1997-லேயே இறந்துவிட்டார். அவருடைய கல்யாண மோதிரத்தை உடைக்குள் நெஞ்சருகே வைத்துத் தைத்திருந்தார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த அப்பா பாரம்பரிய கில்ட் உடுத்திக் கையைப் பிடித்து அழைத்துவர, மணமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். கடற்படையில் தவளைவீரர், அதாவது நீருக்கடியில் இயங்கும் சிறப்புப் படைவீரர் பயிற்சியையே முடித்த மனிதர்!

[திரையில்: கிறிஸ்டியன்ஸ்போர்க் மாளிகை]

2023 கடைசி நாளன்று, புத்தாண்டு உரையில், ராணி பதவி விலகப்போவதாக அறிவித்தார். 2024 ஜனவரி 14, அரியணை ஏறி சரியாக 52 வருடம் முடிந்த நாள். சம்மதம் கொடுத்த அதே அரச சபையில் இப்போது விலகல் பத்திரத்தில் கையெழுத்து. போட்டுவிட்டு எழுந்து, தன் நாற்காலியை மகனுக்குக் காட்டிவிட்டு வெளியே போகிறார்.

பால்கனியில் புது அரசர் முதலில் தனியாக வந்து நிற்கிறார், கண் கலங்குகிறது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து, வெள்ளை உடையில் மேரி வருகிறார்.