முதியோரின் மருத்துவக் கணக்கு: இரு வட்டாரங்களை ஒப்பிடும்போது

நேயர்களுக்கு வணக்கம். இரு வட்டாரங்களின் முதியவர்களில் யார் மருத்துவமனையை அதிகம் நாடுகிறார்கள் என்று அறிய, பதிவேட்டில் உள்ளவர்களைக் கூட்டி மக்கள் தொகையால் வகுத்தால் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படிக் கிடைக்கும் விடை, சில வேளைகளில் உண்மைக்கு நேர் எதிராகவே இருந்துவிடும்.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். இரு வட்டாரங்களிலும் 60 வயதைக் கடந்தவர்கள் தலா ஆயிரம் பேர். முதல் வட்டாரத்தில் 800 பேர் 75 வயதுக்கு உட்பட்டவர்கள், 200 பேர் அதற்கு மேற்பட்டவர்கள். இரண்டாம் வட்டாரத்தில் இரு பிரிவிலும் ஐந்நூறு பேர். ஓராண்டில் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், முதல் வட்டாரத்தின் இளைய பிரிவில் நூற்றுக்கு 10, மூத்த பிரிவில் 20. இரண்டாவதில் 9, 18. அதாவது எந்த வயதை எடுத்தாலும் முதல் வட்டாரமே முன்னே நிற்கிறது. ஆனால் கூட்டிப் பார்த்தால் முதல் வட்டாரத்தில் 120 பேர், இரண்டாவதில் 135 பேர்! முதல் வட்டாரத்திலும் இரு பிரிவினர் பாதிக்குப் பாதி இருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டால் 150 வருகிறது. இப்படி இரு இடங்களுக்கும் ஒரே வயது அமைப்பைக் கொடுத்து ஒப்பிடுவதையே வயதுத் தரப்படுத்தல் என்கிறோம். இதைச் செய்யாமல் வெளியிடப்படும் ஒப்பீட்டை நான் படிப்பதோடு சரி, நம்புவதில்லை.

டாக்டரிடம் எத்தனை முறை சென்றார்கள் என்பது இன்னும் சிக்கலானது. பலர் ஒரு முறைகூடச் செல்லாதிருக்க, சிலர் மட்டும் மாதந்தோறும் செல்வதால், சராசரி யாருடைய நிலையையும் சொல்லாத எண்ணாகிவிடும். ஆகவே சென்றவர்கள் எத்தனை பேர், சென்றவர்கள் எத்தனை முறை சென்றார்கள் என்று கணக்கை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

அதிகப் பயன்பாடு என்றால் அதிக நோய் என்றும் கொள்ள முடியாது. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2002ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்ற கேரள மக்களே தங்களுக்கு நோய் இருப்பதாக மிகுதியாகச் சொல்கிறார்கள் என்றும், ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்வோர் குறைவு என்றும் சுட்டிக்காட்டினார். எழுத்தறிவும் அருகில் மருத்துவமனையும் இருக்கும் இடத்தில்தான் மூட்டுவலி ஒரு நோயாகப் பதிவாகிறது; மற்ற இடங்களில் அது வயதின் கோளாறு என்று தள்ளப்படுகிறது.

மும்பைக்கு வருவோம். பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்கிலுமிருந்து புற்றுநோயாளிகள் வருகிறார்கள். அவர்களை இந்நகர மக்கள் தொகையால் வகுத்தால், மும்பையின் பயன்பாடு பொய்யாக உயர்ந்து தெரியும். மும்பையில் வாழும் நம் தமிழர்களின் பழக்கமோ இதற்கு நேர் எதிரானது. தாராவியிலும் செம்பூரிலும் பல்லாண்டு வாழ்ந்த பெரியவர்களில் சிலர், அறுவை சிகிச்சை என்றதும் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே உடனிருந்து பார்த்துக்கொள்ள உறவினர் இருப்பார்கள். தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையும் குறைந்த வருமானமும் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடும் கைகொடுக்கும். அப்படிச் செல்பவரின் பெயர் மும்பையின் மக்கள் தொகையிலும், சிகிச்சை அந்த மாவட்டத்தின் பதிவேட்டிலும் நிற்கும்போது இரண்டு விகிதங்களுமே தவறுகின்றன. எனவே சிகிச்சை எங்கே நடந்தாலும் அதை நோயாளி வசிக்கும் ஊரின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

வீடு தேடிச் சென்று கேட்கும் ஆய்வுகள் இத்தொல்லையைப் பெரிதும் குறைக்கின்றன. நமது மும்பையின் தேவனாரில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18இல் நடத்திய முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வின் முதல் சுற்றில், 45 வயதைக் கடந்தவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஆனால் வீட்டில் உயிரோடு இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் வேறொரு குறை வரும். முதியவர் பலருக்கு மருத்துவமனை வாசம் கடைசி ஆண்டில்தான் குவிகிறது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் சுகாதாரச் சுற்றில், கடந்த 365 நாட்களில் அவ்வீட்டில் இறந்தவர்களின் சிகிச்சையையும் கேட்டுப் பதிவுசெய்வது இதனால்தான். ஒரு வட்டாரத்தின் எண்ணில் இறந்தவர்கள் சேர்ந்தும் மற்றதில் சேராமலும் இருந்தால், தரப்படுத்தலை எவ்வளவு செம்மையாகச் செய்தாலும் அவ்விரண்டையும் அருகருகே வைக்க இயலாது. நன்றி, வணக்கம்.